கேப்டனை அனுப்பினது சரிதான்

"கேப்டனை அனுப்பினது சரிதான். அவங்க இடத்துல நான் இருந்தாலும் அதையேதான் செஞ்சிருப்பேன்" என்றார் அப்பா, கையிலிருந்த சின்னப் பூட்டுக்குள் ஒரு சொட்டு எண்ணெய் விட்டபடி.

சமையலறையிலிருந்து அம்மா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த மகளும் தலையை நிமிர்த்தினாள். இந்த வீட்டில் இப்படி ஒரு வார்த்தை இதுவரை யார் காதிலும் விழுந்ததில்லை.

கால்பந்து சீசன் முடிந்து, கிளப்புகள் ஆட்களை வாங்கவும் விற்கவும் ஆரம்பித்துவிட்டால் அப்பா மனுஷனாகவே இருக்க மாட்டார். வந்தவன் யார், போனவன் யார் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, கிளப் நிர்வாகத்தின் ஏழு தலைமுறையையும் இழுப்பார். போன வருஷம் ஒரு மாற்று கோல் கீப்பரை விற்றுவிட்டார்கள் என்று ராத்திரி சாப்பிடாமல் படுத்த ஆள். அந்தக் கோல் கீப்பர் ஒரு ஆட்டம்கூட ஆடியவன் இல்லை. இன்று போயிருப்பதோ, பதினாலு வருஷமாக அவர் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய கேப்டன்.

"உடம்பு கிடம்பு சரியில்லையா உங்களுக்கு? சாப்பிடற இடத்துல எதுக்கு அந்தப் பூட்டு?" என்றாள் அம்மா.

"ஃபேக்டரியில என் அலமாரிப் பூட்டு. இறுகிப்போச்சு, கழட்டிக் கொண்டுவந்தேன்" என்றவர் மறுபடி கேப்டனுக்குத் தாவினார். "முப்பத்தாறு வயசாச்சு அவனுக்கு. நேத்து வந்தவனெல்லாம் அவனைத் தாண்டி ஓடறான். பழைய பேரை வெச்சே எத்தனை நாளைக்கு ஓட்டுறது? கால் போச்சுன்னா கிளம்ப வேண்டியதுதான்."

மகள் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். நாற்காலி முதுகில் மாட்டியிருந்த அவள் கைப்பைக்குள் ஒரு பழுப்புக் கவர் இருந்தது.

அப்பா ஒரு கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷமாக உலைக்கு முன்னால் நின்று வேகிறவர். மகள் அதே தொழிற்சாலையின் ஆபீஸில் கிளார்க். இரண்டாவது உலையை நிறுத்தப் போகிறார்கள், பத்தொன்பது பேருக்கு இனி வேலை இல்லை. கடிதங்களை டைப் செய்ததே அவள்தான். ஒன்பதாவது கடிதத்தில் அப்பாவின் பெயரை அடித்தபோது இரண்டு தடவை தப்பாகப் போயிற்று.

"மத்தவங்களுக்கு நாளைக்குக் காலையில கேட்லயே கொடுத்துடுவாங்க. உங்கப்பாவை அப்படி எல்லார் முன்னாலயும் நிறுத்த வேணாம்னு பாக்கறேன். நீயே வீட்ல கொடுத்துக் கையெழுத்து வாங்கிட்டு வந்துடும்மா" என்று சாயங்காலம் குழைந்தார் மேனேஜர். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். ஆனாலும் கேட்டில் காவலாளி கையிலிருந்து அப்பா அதை வாங்குவதை நினைத்துப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. சரி என்று தலையாட்டிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரமாயிற்று. பைக்குள் போன கை நாலு தடவை வெறுமனே திரும்பிவிட்டது. தன் தலைக்கு மேல் தொங்குவது தெரியாமல் மனுஷன் ஊரான் விஷயத்துக்கு நியாயம் பேசுகிறாரே என்று அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது.

"வேற எந்த கிளப்பும் அவரை எடுக்கலையாமே? இனிமே அவர் என்னப்பா செய்வார்?" என்று மெல்லக் கேட்டாள்.

"என்ன செய்வான்? கொஞ்ச நாளைக்குக் காலையில எழுந்து எங்க போறதுன்னு தெரியாம முழிப்பான். வலிக்கும்தான். அப்புறம் பழகிடும். செத்தா போயிடுவான்?" என்று பூட்டைத் திறந்து மூடிப் பார்த்தார். "இன்னொண்ணு கேளு. இந்தச் சேதியை அவன்கிட்ட யாரை விட்டுச் சொல்ல வெச்சாங்க தெரியுமா? கேப்டனே கைபிடிச்சு வளத்துவிட்ட ஆளு, இப்ப உதவிக் கோச்சா இருக்கான். அவனைத்தான் அனுப்பினாங்களாம்."

"அடப்பாவி! வளத்தவன்கிட்டயே போய்ச் சொல்ல எப்படித்தான் அவனுக்கு மனசு வந்துச்சோ?" என்றாள் அம்மா.

மகள் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

"நீ சும்மா இரு" என்று அப்பாவின் குரல் அன்று முதல் தடவையாக உயர்ந்தது. "எய்தவன் இருக்க அம்பை நோகலாமா? அவன் என்ன பண்ணுவான் பாவம். கேப்டன் அவன்மேல துளிகூடக் கோவப்பட்டிருக்க மாட்டான். எவனோ வந்து மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்றதுக்கு, நம்ம ஆளே வந்து சொன்னானேன்னு நிம்மதியாத்தான் இருந்திருக்கும்."

"நல்ல நியாயம்" என்று முணுமுணுத்துக்கொண்டே அம்மா அடுப்பைப் பார்க்கப் போனாள்.

மகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆட்டத்தைப் பற்றி ஆயிரம் நியாயம் பேசலாம். தன் தலையில் விழும்போது எந்த மனுஷனும் இப்படிப் பேச மாட்டான். நாளைக்குக் காவலாளியே கொடுத்துத் தொலையட்டும், இல்லையென்றால் தானும் வேலையை விட்டுவிட்டு வரலாம். இந்தக் கையால் மட்டும் ஆகாது என்று கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"தலை வலிக்குதுப்பா. போய்ப் படுக்கறேன்."

அப்பா பூட்டைக் கீழே வைத்தார். சமையலறைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் குரலைத் தாழ்த்தினார்.

"கவரை எடும்மா. எங்க கையெழுத்துப் போடணும்?"