கணுக்கால் தண்ணீர்

"மறுபடியும் அந்தக் கணுக்கால்காரர்!"

வெள்ள உதவி அறையில் நாலாவது தடவையாக அதே எண் ஒளிர்ந்ததும், அழைப்புகளை எடுத்துக்கொண்டிருந்த அவளுக்கு எரிச்சல் தலைக்கேறியது.

விடிந்ததும் விடியாததுமாகக் கரையேறிய புயல், ஊரைப் புரட்டிப் போட்டுவிட்டு ஏரிக்கரையையும் உடைத்துவிட்டுப் போயிருந்தது. இருப்பதோ ரெண்டே படகு. கூப்பிடுவதோ ஊர் முழுக்க. கழுத்தளவு தண்ணீர் என்றால் படகு முதலில் அங்கே. இடுப்பளவு என்றால் அப்புறம். கணுக்கால் என்றால் பட்டியலில் கடைசி.

"சொல்லுங்க சார்."

"அம்மா, பின்தெருவுல ஒரு குடும்பம் மாடிப்படியில தவிக்குது. கைக்குழந்தை வேற..."

முதல் தடவை எதிர்வீட்டுக் கர்ப்பிணி. அடுத்தது கண் தெரியாத ஒருத்தர். அப்புறம் மரத்தில் தொற்றிக்கொண்டிருந்த அண்ணன் தம்பி. இப்போது இது.

"உங்க வீட்ல எவ்வளவு தண்ணி?"

"கணுக்கால்தாம்மா."

பக்கத்து நாற்காலியிலிருந்த மேற்பார்வையாளர் உதட்டைப் பிதுக்கினார். "சொகுசா உக்காந்துக்கிட்டு ஊருக்கே உத்தரவு போடுறார் பாரு!"

அவளுக்கும் பொறுக்கவில்லை. "கணுக்கால் தண்ணிதானே சார்? நீங்களே இறங்கிப் போய் அந்தக் குழந்தையைத் தூக்கிட்டு வரலாமே? ஜன்னல்ல நின்னு வேடிக்கை பார்க்க வெட்கமா இல்ல?"

அவர் மெதுவாகச் சொன்னார்: "படகை மட்டும் அனுப்பிடுங்கம்மா."

அவள் பட்டென்று போனை வைத்தாள். படகைப் பின்தெருவுக்கு அனுப்பினாள்.

ஒரு மணி நேரம் போனது. அந்த எண் ஒளிரவில்லை. ஏனோ மனசு கேட்கவில்லை. அவளே கூப்பிட்டாள். தொடர்பு கிடைக்கவில்லை. இன்னொரு தடவை. ம்ஹூம்.

படகுக்காரரைப் போனில் பிடித்தாள். "அண்ணே, முன்தெருவுல மூணாவது வீடு. கணுக்கால் தண்ணிதான், ஆனாலும் ஒரு எட்டு பாத்துட்டு வந்துடுங்க."

"கணுக்காலா? மேடம், இப்ப அந்தத் தெருவுலதான் இருக்கேன், வாசக்கதவே முழுகிக் கிடக்கு! ஓட்டுக்கூரை மட்டுந்தான் தெரியுது!"

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"ஓட்டைப் பிரிங்கண்ணே! சீக்கிரம்!"

ஓடுகள் நொறுங்கும் சத்தம். யாரோ கத்தினார்கள். தண்ணீர் அலையடித்தது. அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஆள் இருக்கார் மேடம்! நெஞ்சளவு தண்ணியில உத்தரத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறார். தூக்கிட்டோம்!"

"அவர்கிட்ட போனைக் குடுங்க."

"அம்மா..." பல் கிடுகிடுக்கும் குரல். "அந்தக் கைக்குழந்தை?"

"கரை சேர்ந்துடுச்சு சார்." "உங்களைப் போய் என்னென்னவோ பேசிட்டேனே. ஏன் சார் பொய் சொன்னீங்க?"

"பொய்யா? முதல்ல தரையில நின்னேன், கணுக்கால். கட்டில் மேல ஏறினேன், கணுக்கால். மேஜை மேல ஏறினேன், அப்பவும் கணுக்கால். கடைசியா உங்ககிட்ட பேசினப்போ, மேஜை மேல ஸ்டூலைப் போட்டு நின்னேன்... சத்தியமா கணுக்கால்தாம்மா!"