சின்னவனின் மாற்று இணைப்பு

அந்த அலுவலகத்துக்கு முதன்மை இணைய இணைப்பைப் போட்டவன் பெரியவன். அது அறுந்தால் தானாகக் கைகொடுக்கும் மாற்று இணைப்பைப் போட்டவன் அவன் தம்பி. எல்லோரும் தம்பியையே மெச்சியது பெரியவனுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. மேலாளர் முன்னிலையில் மாற்று இணைப்பைச் சோதிப்பதற்குச் சற்று முன், யாரும் பார்க்காதபோது, தம்பியின் கேபிளை ரூட்டரிலிருந்து உருவிவிட்டான். இனி மானம் போகப்போவது யாருக்கென்று பார்க்கலாம்.

மேலாளர் வந்து நின்றார். சோதனைக்காகப் பெரியவன் தன் கேபிளையும் பிடுங்கினான். யாருடைய வேலையும் ஒரு நொடிகூட நிற்கவில்லை.

"உன் லைன் போனதே தெரியலையேப்பா! தம்பி கெட்டிக்காரன்தான்" என்று மேலாளர் சிரித்தார்.

"எல்லாம் அண்ணன் சொல்லிக் கொடுத்ததுதான் சார்" என்றான் தம்பி.

அவர்கள் போனதும் பெரியவன் குனிந்து பார்த்தான். தம்பியின் கேபிள் உருவிப்போட்டபடியே தொங்கியது. கீழ்த்தட்டில், காலமான அப்பா இங்கே முதன்முதலில் மாட்டிய பழைய ரூட்டர் கிடந்தது. அதற்கு மின்சாரமும் இல்லை, கேபிளும் இல்லை. அதன் பச்சை விளக்கு மும்முரமாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

பெரியவனுக்குப் பயம் வரவில்லை. அந்த விளக்கைப் பார்த்துக் கேட்டான்.

"இப்பவும் சின்னவன் பக்கம்தானாப்பா?"

தம்பியின் கேபிளை அவன் திரும்பச் செருகும்வரை அந்த விளக்கு அணையவில்லை.