குளிர்பெட்டியின் பயன்

இறந்தவர்களைக் கிடத்தும் குளிர்பெட்டிகளை வாடகைக்கு விடுவது எங்கள் குடும்பத் தொழில். புதிய இணையதளத்துக்காக என் தகப்பனாரின் பெருமையையும் எங்கள் பரம்பரையையும் இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். விளம்பரம் எழுதித்தர வந்த பெனிட்டா எல்லாவற்றையும் அடித்துவிட்டாள்.

“உங்க வம்சத்தை வச்சு அவங்க என்னங்கய்யா பண்ணுவாங்க? துக்க வீட்டுக்காரங்களுக்கு இதனால என்ன கிடைக்கும்? அதைச் சொல்லுங்க.”

“உடம்பு கெடாது.”

“கெடாட்டி?”

“காத்திருக்கலாம்.”

“யாருக்காக?”

அவளே தட்டச்சு செய்து வாசித்துக் காட்டினாள்: “தொலைவிலிருக்கும் உங்கள் மகள் வந்து முகம் பார்க்கும்வரை.”

என் மனைவி இறந்த அன்று மகள் விமானத்தில் வந்துகொண்டிருந்தாள். சாதி விட்டுக் கட்டியவள் எங்கள் வாசலில் நின்று அழுவதை ஊர் பார்க்கக் கூடாதென்று, மதியமே எடுக்கச் சொன்னேன். கிடங்கில் ஆறு பெட்டிகள் காலியாக இருந்தன.

“அந்த வரி வேண்டாம்மா.”

“ஏங்கய்யா, பொய்யா?”

பொய் சொல்லி வியாபாரம் செய்த குடும்பமில்லை எங்களுடையது.

“உண்மைதான்” என்றேன்.

“அப்ப இருக்கட்டும்” என்று சொல்லி, அவள் அதை எல்லாவற்றுக்கும் மேலே கொண்டுபோய் வைத்தாள்.