பதில் வரும் வரை

“டிஸ்க்க மாட்டியாச்சுன்னு யாரு சொல்லணும்? மாட்டி விட்டவனா, வாங்கிக்கிட்டவனா?”

டீம் லீடர் லிங்கேஸ்வரன் நாகஜோதியிடம் இப்படிக் கேட்டபோது, ராஜபாளையத்தில் நூல் குடோனுக்கு மேல்மாடியில் இருந்த அந்தச் சின்ன சாஃப்ட்வேர் ஆபீஸே திரும்பிப் பார்த்தது. அவர் சத்தமாகக் கேட்டதே அதற்காகத்தான்.

“வாங்கிக்கிட்டவன்தான் சார்.”

“தெரியுதுல்ல? பொறவு ஏன் உன் புரோகிராம் அவசரப்படுது?”

குற்றம் நிஜம்தான். சுற்றுவட்டார மில்களின் விவரங்கள் எல்லாம் அந்த ஆபீஸ் சர்வருக்குள் ஓடும் விர்ச்சுவல் மெஷின்களில் இருந்தன. ஒரே பெரிய கம்ப்யூட்டருக்குள் பல கற்பனைக் கம்ப்யூட்டர்கள். ஓடுகிற மெஷினை நிறுத்தாமலே அதற்குப் புது டிஸ்க் கொடுக்கலாம். ஆனால் ‘வாங்கிக்கொண்டேன்’ என்று மெஷின் பதில் அனுப்பிய பிறகுதான் வேலை முடிந்ததாகக் காட்ட வேண்டும்.

நாகஜோதியின் புரோகிராம், டிஸ்க்கை அனுப்பிய கையோடு ‘முடிந்தது’ என்று பச்சை விளக்கைப் போட்டுவிட்டது.

“மெஷின் அந்த டிஸ்க்க கண்ணால பாக்கவே இல்ல. மில்லுக்காரன் பச்ச வெளக்க நம்பி அட்டெண்டன்ஸ ஏத்திருக்கான். நைட் ஷிப்ட் பாத்த அம்புட்டுப் பேரும் இப்ப ஆப்சென்ட்! ஞாயித்துக்கிழம பூரா ஆபீஸ்ல நீ ஒருத்திதான இருந்த? என்ன பண்ணிக்கிட்டு இருந்த?”

ஞாயிற்றுக்கிழமை டியூட்டியைத் தனக்குப் போட்டவரே அவர்தான் என்பதை நாகஜோதி ஞாபகப்படுத்தவில்லை. அவளுடைய வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. லிங்கேஸ்வரன் சென்னை ஆபீசுக்கு ஒரு மெயில் அனுப்பினால் நிரந்தரம்; அனுப்பாவிட்டால் இந்த மாதத்தோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

“சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணு. அப்பத்தான் மெயிலு. இனிமே உனக்குப் பொறுப்பு கூடுதல், பாத்துக்க.”

சொல்லிவிட்டு இழுப்பறையிலிருந்து பால்கோவா டப்பாவை எடுத்தார். திட்டுவதற்கும் இனிப்புக் கொடுப்பதற்கும் நடுவே மனிதருக்கு மூச்சு விடக்கூட அவகாசம் தேவைப்படவில்லை.

“என்ன சார் விசேஷம்?” பக்கத்து சீட் காளிராஜ் கேள்விக்கு முன்பே கையை நீட்டியிருந்தான்.

“எனக்குக் கல்யாணம் முடிவாயிருச்சுலே. ஞாயித்துக்கிழம வீட்டாளுகளோட பொண்ணு வீட்டுக்குப் போயி, கை நனைச்சிட்டே வந்துட்டோம்.”

“பேச்சு முடியாம மாப்பிள வீட்டாளுக பச்சத் தண்ணிகூடக் குடிக்க மாட்டாகளே! கை நனைச்சாச்சுன்னா உறுதிதான். பொண்ணு என்ன சார் சொல்லுச்சு?”

“பொண்ணுகிட்ட என்னலே கேக்க? அவிய அப்பா தலைய ஆட்டிட்டாக, எலையில சாம்பாரும் ஊத்திட்டாக. முடிஞ்சது.”

“யாரு சார் பொண்ணு?”

“பொறுலே, மெதுவா சொல்றேன்” என்று லிங்கேஸ்வரன் வெட்கப்பட்டார். பழக்கமில்லாத காரியம் என்பதால் பார்ப்பதற்குப் பல்வலி வந்தவர் மாதிரி இருந்தது.

பால்கோவா எல்லா மேசைக்கும் போனது. நாகஜோதி தன் பங்கைக் காகிதத்தோடு கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினாள்.

சாயங்காலம் லிங்கேஸ்வரன் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். “காட்டு.”

நாகஜோதி ஒரு மெஷினுக்கு டிஸ்க்கை அனுப்பினாள். திரையில் ‘காத்திருக்கிறது’ என்று வந்து, அப்படியே நின்றது.

“எம்புட்டு நேரம் இப்பிடியே நிக்கும்?”

“பதில் வர்ற வரைக்கும் சார். வரலைன்னா, வரலைன்னுதான் சொல்லும். தானா முடிஞ்சதுன்னு சொல்லாது.”

செத்த நேரத்தில் மெஷின் பதில் அனுப்பியது. அதன் பிறகே பச்சை விளக்கு எரிந்தது.

“இதுதான் ஒழுங்கு! நாம அனுப்பிட்டோங்கறதுக்காக, அங்க ஏத்துக்கிட்டாகன்னு நாமளா முடிவு பண்ணக் கூடாது.” தான் சொன்னது தனக்கே பிடித்துப்போனதால், காளிராஜைக் கூப்பிட்டு இன்னொரு தடவையும் சொன்னார்.

பிறகு போனை எடுத்துத் தட்டினார். “மெயில் போட்டாச்சு. நீ பெர்மனென்ட்.”

“சென்னையில இருந்து பதில் வந்துருச்சா சார்?”

“அதான் அனுப்பிட்டேன்ல?”

நாகஜோதி திரையில் எரிந்த பச்சை விளக்கைப் பார்த்தாள். லிங்கேஸ்வரன் சத்தமாகச் சிரித்தார். “பரவால்லையே, நான் சொன்ன பாடம் நல்லா ஏறிருச்சு.”

அவர் சிரித்து முடிப்பதற்குள் போன் சிணுங்கியது. “வந்துருச்சு. ஒத்துக்கிட்டாக, வாழ்த்தும் போட்ருக்காக. உனக்கும் வந்துருக்கும் பாரு.”

நாகஜோதி மெயிலைத் திறந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நிதானமாகப் படித்தாள்.

“இன்னும் என்ன? காலையில குடுத்த பால்கோவா அப்பிடியே இருக்கு. வாயில போடு.”

அவள் அந்தக் காகிதத்தை நாலு பக்கமும் மடித்து அவர் பக்கமாக நகர்த்தினாள்.

“ஞாயித்துக்கிழம தலைய ஆட்டுனது எங்க அப்பா, சார். எங்கிட்ட இருந்து இன்னும் பதில் வரல.”

காளிராஜ் வாயில் போட்டிருந்த இரண்டாவது பங்கை விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் நின்றான். லிங்கேஸ்வரன் பால்கோவாவைப் பார்த்தார், பச்சை விளக்கைப் பார்த்தார். பிறகு படியிறங்கிப் போனார்.