சேர்ந்த தேதி

"அழிச்சிட்டுப் புதுசா போடுடா! ரெண்டு நிமிஷ வேலை. இதுக்குப் போய் மத்தியானத்துலேர்ந்து ஒத்தைக் கால்ல நிக்கிறியே" என்று நாற்காலியோடு உருண்டு வந்தான் கூட வேலை பார்க்கும் சுருட்டை.

திட்டு வாங்கியவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மருத்துவமனையின் கணினிப் பிரிவு அது. ஜன்னல் இல்லாத அறை. கடலுக்கு அடியில் உட்கார்ந்திருப்பதுபோல எப்போதும் ஒரு நீல வெளிச்சம், எப்போதும் ஒரு மெல்லிய இரைச்சல். நாளைக் காலை தற்காலிக நர்ஸ்கள் எல்லோரும் நிரந்தர நர்ஸ்கள் ஆகிறார்கள். ஆணைகள் அச்சாகிவிட்டன. மென்பொருள் மட்டும் முரண்டு பிடித்தது.

யாரோ ஒரு புண்ணியவான் பல வருடங்களுக்கு முன் அதைக் கட்டிய விதம் அப்படி. ஊழியர் என்று ஒரு தாய் வகை. அதற்கு நிரந்தர ஊழியர், தற்காலிக ஊழியர் என இரண்டு பிள்ளைகள். பிள்ளைகளின் விவரங்களுக்குத் தனித்தனி டேபிள், அதாவது அட்டவணை. ஒரு டேபிளில் பிறந்தவர் இன்னொன்றுக்குக் குடிபோக முடியாது. இங்கே அழிய வேண்டும், அங்கே புதிதாகப் பிறக்க வேண்டும்.

"அழிச்சா கூடவே என்னென்ன போகும் தெரியுமா?" என்றான் அவன். "சேர்ந்த தேதி, பார்த்த டியூட்டி, எடுக்காம சேர்த்து வெச்ச லீவு, எல்லாம் போயிடும். வருஷக்கணக்கா வேலை பார்க்கிறவங்க நாளைக்குக் காலையில புதுசா சேர்ந்தவங்க ஆயிடுவாங்க."

"தேதியை மட்டும் கையால தட்டி விடு."

"ஏத்துக்க மாட்டேங்குதே. பதிவு உருவான நாளைத்தான் சேர்ந்த நாளா எடுத்துக்குது."

"சரி, நீ என்னதான் பண்ணலாங்கிற?"

"எல்லாருக்கும் பொதுவானதைத் தாய் டேபிளுக்குக் கொண்டு போயிடலாம். பேரு, தேதி, டியூட்டி, லீவு. நிரந்தரமா, தற்காலிகமாங்கிறதை மட்டும் பக்கத்துல சின்ன டேபிள்ல வெச்சுப்போம். நாளைக்குச் சின்னதுதான் மாறும். ஆளு அப்படியே இருப்பாங்க."

"கேக்க நல்லாத்தான் இருக்கு. மேடம் காதுல போட்டுப் பாரு, சலங்கை கட்டி ஆடுவாங்க."

சொல்லி வாய் மூடவில்லை, பிரிவின் மேலாளர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவன் விளக்கியதை நின்றபடியே கேட்டார்.

"நடுவுல ஒண்ணு பிசகினா, நாளைக்கு ஒரு நர்ஸ் பேரும் திரையில வராது. எந்த வார்டுல யார் இருக்காங்கன்னே தெரியாது. யார் பதில் சொல்றது?"

"நான் மேடம்."

"வேலை போயிடும். விளையாட்டுக்குச் சொல்லல."

"தெரியும் மேடம். ஆனா லீவு, ஷிஃப்ட், ஹெட் நர்ஸ் பதவி எல்லாத்துக்கும் அந்தத் தேதிதானே கணக்கு? இன்னிக்கு அழிச்சா திரும்பக் கிடைக்காது."

மேலாளர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி அவனைப் பார்த்தார். "உங்க வீட்டம்மா இங்க நர்ஸ்தானே?"

"ஆமா மேடம்."

"அவங்க சொல்லித்தான் இத்தனை பிடிவாதமா?"

இல்லை என்ற பொய் வாய் வரை வந்தது. எப்போதும் போல அங்கேயே நின்றுவிட்டது.

"ஆமா மேடம். அவதான் சொன்னா."

சுருட்டை தலையில் அடித்துக்கொண்டான். மேலாளருக்கோ கோபத்துக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது.

"வீட்டுக்காரி பேச்சைக் கேட்டு ஆஸ்பத்திரி டேபிளையே மாத்த வந்த ஆளை இன்னிக்குத்தான் பார்க்கிறேன். ஆறு மணி வரைக்கும் பாருங்க. முடியலைன்னா அழிச்சுப் போடுங்க. அதுக்கப்புறம் ஒரு வார்த்தை பேசக் கூடாது."

அவன் முதலில் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்தான். பிறகு ஒவ்வொரு பதிவாக, தூங்கும் குழந்தையைத் தொட்டில் மாற்றுவதுபோல, தாய் டேபிளுக்கு நகர்த்தினான். திட்டிக்கொண்டே சுருட்டை பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்த்தான். ஒருமுறை திரை காலியாகிவிட்டது. இருவரும் வரி வரியாகத் தேடினார்கள். எழுதிய கட்டளையில் காற்புள்ளி ஒன்று இடம் மாறியிருந்தது. திருத்தியதும் பெயர்கள் மழைபோல இறங்கின. பக்கத்திலேயே பழைய தேதிகள், ஒன்றுகூடச் சிதையாமல்.

"பொழைச்சே போ. உன் பொண்டாட்டிகிட்டச் சொல்லி எனக்கு ஒரு விருந்து போடச் சொல்லு" என்றான் சுருட்டை.

வாசலில், வெள்ளைச் சீருடையின் மேல் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு அவள் ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றாள். அவனைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"நடந்துச்சா?"

"நடந்துச்சு. எல்லாருக்கும் பழைய தேதி அப்படியே இருக்கு."

"எனக்கு முன்னாடியே சேர்ந்த எங்க வார்டு அக்காவுக்கு?"

"ஒரு நாள்கூடக் குறையல."

அவள் கண்ணை மூடி நீளமாக மூச்சு விட்டாள். அவனுக்கு மட்டும் மனசு ஆறவில்லை.

"நல்லா யோசிச்சுத்தான் சொன்னியா? உங்க வார்டுல இன்னிக்கு வரைக்கும் நிரந்தர நர்ஸ் நீ ஒருத்திதான். நான் கையைக் கட்டிட்டு உக்காந்திருந்தா, அவங்க எல்லாரும் உனக்கு ஜூனியர். ஹெட் நர்ஸ் நாற்காலி தானா உன்கிட்ட வந்திருக்கும்."

"தெரியாமலா சொன்னேன்? ஏறுங்க, சீக்கிரம் போய்த் தூங்கணும்" என்று வண்டியைக் கிளப்பினாள் அவள். "நாளையிலேர்ந்து எனக்கு டியூட்டி போடப்போறது அந்த அக்கா. லேட்டா வந்தா விடவே மாட்டாங்க."