அந்த ஒரே ஒரு போன்

"நம்ம ஆப்பை அந்தப் பழைய மாடல் போன்ல இன்னும் ஒரே ஒருத்தர்தான் வச்சிருக்கார். அவரை மாத்திட்டு வா. அன்னைக்கே உன்னைப் புது டீமுக்கு அனுப்பிடறேன்" என்றார் மேனேஜர்.

அந்த ஒருத்தர் ஒரு சலூன்காரர். முடிவெட்ட வருகிறவர்கள் முன்கூட்டியே நேரம் சொல்லிவைக்கிற ஆப் அது. போனைத் தயாரித்த கம்பெனியே அந்த மாடலைக் கைகழுவிவிட்டது. ஆனாலும், ஆப்பில் எதைப் புதிதாகச் சேர்த்தாலும் அதற்கென்று தனியாக எழுதி, ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். புரோகிராமர் பெண்ணுக்கு இரண்டு வருஷமாக இது ஒன்றே வேலை. நொந்து நூலாகிப் போயிருந்தாள்.

ஆபீஸ் வாங்கித் தந்த புதுப் போனோடு அவளே கிளம்பினாள்.

சலூன்காரர் ஒரு வாடிக்கையாளரின் முகத்தில் நுரை தடவிக்கொண்டிருந்தார். பின்மூடிக்கு ரப்பர் பேண்ட் போட்ட அந்தப் போன், கண்ணாடிக்குக் கீழே சார்ஜரில் கிடந்தது.

"சார், இதுக்கு இனிமே பாதுகாப்பு அப்டேட்டே வராது. யார் வேணும்னாலும் உள்ள புகுந்திடலாம்."

"புகுந்து என்ன பண்ணுவான்? யாருக்கு எப்போ ஷேவிங்னு பார்த்துட்டுப் போவான்."

"புதுசா எதைப் போட்டாலும் இதோட மெமரி தாங்காது. இந்த ஒண்ணுக்காக மத்த எல்லாருக்கும் லேட்டாகுது."

"காத்திருக்கட்டும். என் கடையில காத்திருக்கலையா?"

நுரை முகம் ஆமாம் என்று தலையாட்டியது.

"இலவசமாவே புதுப் போன் தர்றோம் சார்."

"வேண்டாம்மா."

"உங்க ஒருத்தருக்காக..."

"தெரிஞ்சுதான் வச்சிருக்கேன்."

இப்படியும் ஒரு பிடிவாதமா? அவளுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

அப்போது அவர் சட்டைப்பையில் மணி அடித்தது. எடுத்தார். பளபளவென்று புத்தம்புது போன்.

"நாலு மணிக்கா? ஆப்ல போட்டுட்டேன், வாங்க."

"இது ஏது சார்?"

"வாங்கி ஒரு வருஷமாச்சு. உங்க ஆப் இதுல ஜோரா ஓடுது."

"அப்புறம் எதுக்கு அந்தப் பழசு?"

சலூன்காரர் கத்தியைக் கீழே வைத்தார். குரலைத் தாழ்த்தினார்.

"உங்க ஆபீஸ்லேர்ந்து ஒரு பொண்ணு ஒரு தடவை போன்ல பேசுச்சு. 'அந்த மாடலைப் பார்த்துக்கறதுதான் சார் என் வேலையே'ன்னுச்சு. அதான் தினம் கடை திறந்ததும் இதையும் ஒரு தடவை திறந்து மூடிடறேன். நான் விட்டுட்டா, பாவம், அந்தப் பொண்ணுக்கு வேலை போயிடுமில்ல? ஆபீஸ்ல போய்ச் சொல்லிடாதீங்கம்மா."