சுத்த சைவம்

"வெள்ளைக்காரன் ஓட்டல்ல கறி இல்லாத சாப்பாடா? நம்பற மாதிரி இல்லியே தம்பி" என்றார் தாண்டவராயன்.

"சத்தியமா சைவம்தாங்க. முட்டைகூடக் கெடையாது. நேத்தே வந்து விசாரிச்சுட்டுப் போனேன்" என்றான் சக்கரபாணி.

அவனுக்கு விழுப்புரம் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலை. திண்டிவனத்திலிருந்து தினமும் பாசஞ்சரில் விழுப்புரம் வந்துபோகும் செண்பகம் டீச்சரை ஒரு வருஷமாகக் காதலிக்கிறான். அவளுடைய அப்பா தாண்டவராயன் வியாபாரம் செய்கிறார் என்பதற்கு மேல் அவள் சொன்னதில்லை, இவனும் கேட்டதில்லை. போன வாரம்தான், "அப்பா உங்களைப் பார்க்கணுமாம். அவர் கறி, மீன் சாப்பிட மாட்டார். நல்ல சைவ ஓட்டலாப் பாருங்க" என்று சொல்லியிருந்தாள்.

விழுப்புரத்தில் என்றால் இவன் சொந்தக்காரர்கள் கண்ணில் பட நேரும். திண்டிவனத்தில் என்றால் அவள் சொந்தக்காரர்கள். அதனால்தான் பாண்டிச்சேரிக்குப் பக்கத்தில் குயிலாப்பாளையத்தில் ஒரு இத்தாலிக்காரர் கீற்றுக்கொட்டகை போட்டு நடத்தும் இந்த ஓட்டலைப் பிடித்தான். 1986-இல் பீட்சா என்றால் என்னவென்று அவனுக்கே நேற்றுதான் தெரியும்.

பரிமாறும் பூமாலை உள்ளூர்க்காரி. வட்டமாக ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள்.

"இன்னாம்மா இது? தோசை மேல சட்னியக் கொட்டி வச்சிருக்க?"

"பீட்சாங்கய்யா. மாவு மேல தக்காளி, கொடமொளகா. உருகிக்கினு இருக்குதே, அது சீஸு. பால்ல பண்றது. ஆறிட்டா ரப்பர் மாதிரி ஆயிடும், ஜல்தியா சாப்பிடுங்க."

தாண்டவராயன் ஒரு துண்டைக் கடித்தார். வாய்க்கும் தட்டுக்கும் நடுவே சீஸ் நூலாக நீண்டது. கழுத்தைப் பின்னால் இழுத்தார். அதுவும் கூடவே வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த செண்பகம் சிரித்துக்கொண்டே விரலால் அறுத்துவிட்டாள்.

"பரவால்லியே! புளிப்பா, நல்லாத்தான் இருக்குது" என்று அவர் இரண்டாவது துண்டை எடுத்தபோதுதான் சக்கரபாணிக்கு மூச்சே வந்தது.

"தம்பி வீட்ல எப்படி? எல்லாம் சாப்பிடுவீங்களா?"

இந்தக் கேள்விக்காகத்தான் நேற்று இரவு முழுக்கத் தயாராகியிருந்தான்.

"சேச்சே! நான் சுத்த சைவங்க. பொறந்ததுலருந்தே."

மேஜைக்கு அடியில் செண்பகம் அவன் காலை மிதித்தாள். சரியாகப் போகிறது, இன்னும் சொல்லு என்கிறாள் போலிருக்கிறது.

"கறிக்கடை இருக்கிற தெருன்னா நான் சுத்திக்கினுதான் போவேன். அந்த வாடையே எனக்கு ஆவாதுங்க."

தாண்டவராயன் மெல்லுவதை நிறுத்தினார். "வாடையே ஆவாதா?"

"ஆவவே ஆவாது. கறி பொழங்கற வீட்ல கை நனைக்கிற வழக்கமே எங்க பரம்பரையில இல்லீங்க."

இன்னொரு மிதி. இந்த முறை எலும்பு வரை வலித்தது. செண்பகத்துக்கு அவ்வளவு சந்தோஷமா என்று திரும்பிப் பார்த்தான். அவள் கண் கலங்கியிருந்தது.

தாண்டவராயன் கையிலிருந்த துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டார். முகம் சுண்டிப்போயிருந்தது.

"திண்டிவனம் பஸ்ஸு எப்பம்மா?" என்று மகளைக் கேட்டார்.

"இன்னும் மக்ரோனி வருதுங்கய்யா" என்றாள் பூமாலை.

"வேணாம்மா. வயிறு ரொம்பிப்போச்சு" என்று எழுந்தார்.

பொய்யைக் கண்டுபிடித்துவிட்டார் என்று சக்கரபாணிக்குப் பட்டது. அவ்வளவுதான், செண்பகம் இனி பாசஞ்சரில் வந்தாலும் கவுண்டர் பக்கம் திரும்பிப் பார்க்கமாட்டாள். அவனும் எழுந்து அவருக்குக் குறுக்கே போய் நின்றான்.

"ஐயா, மன்னிச்சுக்குங்க. நான் சொன்னது அத்தனையும் பொய்."

"எது பொய்?"

"சைவம்னு சொன்னது. ஞாயித்துக்கெழமை கறி எடுக்கலன்னா எங்கப்பா வீட்ல யார்கிட்டயும் பேச மாட்டாரு. நான் எலும்பைக்கூட விடாத ஆளு. உங்களுக்கு ஆவாதுன்னு கேள்விப்பட்டதும் பயத்துல உளறிட்டேன். உங்க பொண்ணுக்காக இன்னியோட எல்லாத்தையும் விட்டுடறேங்க. இது மட்டும் நெசம்."

தாண்டவராயன் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"கறிக்கடைத் தெருவச் சுத்திக்கினு போவேன்னியே?"

"கடையத் தெறக்கறப்பவே மொத ஆளா நிப்பேங்க."

அவர் சட்டென்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஏம்மா, அந்த மக்ரோனிய எடுத்தா!" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தவர், மகள் பக்கம் திரும்பினார். "நீ இவர்கிட்ட ஒண்ணுமே சொல்லலியா?"

"நானே நேர்ல சொல்லிக்கிறேன்னு நீங்கதானப்பா சொன்னீங்க? கால மிதிச்சி மிதிச்சி என் செருப்புதான் அறுந்தது" என்றாள் செண்பகம், கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தபடி.

சக்கரபாணி ஒன்றும் புரியாமல் நின்றான். தாண்டவராயன் அவன் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"எல்லாத்தையும் விட்டுடறேன்னு மட்டும் சொல்லாதீங்க மாப்ள. இதுக்கு மின்னாடி வந்தவங்க எல்லாம் என் தொழிலக் கேட்டதும் எழுந்து போய்ட்டாங்க, நீங்களும் அப்படித்தான்னு பயந்துட்டேன். திண்டிவனம் மார்க்கெட்ல ஆட்டுக்கறிக் கடை வச்சிருக்கறவன் நான். நாள் பூரா வெட்டிட்டுத் தின்ன மனசு வராம நான் விட்டது போதாதா, மாப்பிள்ளையும் விட்டுட்டா கடை இன்னாத்துக்கு ஆவும்?"